லென்ஸ் மேல் ஒட்டிய சிவப்பு டேப்

என் கைபேசியின் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே நகத்தளவு சிவப்பு டேப் ஒன்று இருக்கும். ஒயரில் சுற்றுகிற சாதாரண டேப்தான். ஓசூர் பாலிடெக்னிக்கில் எங்கள் ஒர்க்‌ஷாப் சார் அதைப் பல்லால் கடித்துக் கிழித்து, என் முதல் போனின் கேமராக் கண்ணில் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். அதற்குப் பிறகு போன் மாறிவிட்டது, டேப்பை மட்டும் நான் விடவில்லை.

மெக்கானிக்கல் பிரிவில் பெண்கள் நாங்கள் இரண்டே பேர், நானும் பேரிகையிலிருந்து வந்த தோழியும். சார் இரும்பு கடையும் லேத்தை ஓட்டிக் காட்டத் தொடங்கினால், குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற இடம்போலப் பையன்கள் மொய்த்துக்கொள்வார்கள். எங்களைப் பார்த்ததும் அவருக்கு ஒரு பல்லவி உண்டு: "பொம்பளப் புள்ளைங்க பின்னால போங்க. துப்பட்டா மாட்டிக்கினா நான்தான் பதில் சொல்லணும்." நாங்கள் துப்பட்டாவைக் கழற்றிவைத்துவிட்டுக் காக்கிக் கோட்டு மாட்டியிருந்ததை அவர் ஒருநாளும் கண்டுகொண்டதில்லை. பின்னால் நின்று நாங்கள் கற்றதெல்லாம் பையன்களின் முதுகைத்தான்.

அண்ணன் கொடுத்த போனில் கேமரா இருந்தது. எங்கள் பக்கம் அது அப்போதுதான் எட்டிப்பார்த்திருந்த அதிசயம். நான் கையை உயரத் தூக்கி, தலைகளுக்கு மேலிருந்து படம் எடுக்க ஆரம்பித்தேன். மங்கலான, சின்னச் சின்னப் படங்கள். ஆனாலும் டூல் எந்த உயரத்தில் நிற்கிறது, இரும்பு எப்படிச் சுருள் சுருளாக உரிகிறது என்பதெல்லாம் வீடு திரும்பும் பஸ்ஸின் கடைசி சீட்டில் எங்களுக்குப் புரியத் தொடங்கியது. முன்வரிசைப் பையன்களும் வாங்கிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "சார், நீங்க காட்டறத விட இதுல நல்லா தெரியுது சார்" என்றுவிட்டான். எல்லோரும் சிரித்தோம். சார் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் அப்பாவை வரவழைத்தார். திருநெல்வேலிப் பக்கமிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்தவர் அப்பா. முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையோடு அப்படியே வந்தார். அவருடைய கம்பெனியில் கேமரா போன் கேட்டைத் தாண்டாது. அதனால் என் கையில் இருந்ததே குற்றம் என்று நினைத்துவிட்டார். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, சார் சொன்னார்: "உங்க பொண்ணு பாடம் படிக்கல. பசங்கள போட்டோ புடிச்சிக்கினு இருக்குது." அப்பா என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு பின்சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றார். "மன்னிச்சிருங்க சார், இனிமே செய்ய மாட்டா" என்றார். சார் என் படங்கள் எல்லாவற்றையும் அழித்தார், டேப்பை ஒட்டினார். போனை நீட்டி, "கண்ணு எதுக்கும்மா இருக்குது? கண்ணால பாரு, கையால வரை" என்றார். நான் அழுததை விடுங்கள். அப்பா அன்று வீடு வரும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை. அதைத்தான் நான் மறக்கவில்லை.

"ஏமே, அழாதடி," என்றாள் பேரிகைக்காரி. "மொதல்லயே எனக்கு அனுப்புனியே, ஒண்ணு மிச்சம் இருக்குது பாரு." அவள் போனில் அந்தப் படத்தை உற்றுப் பார்த்தபோதுதான் அதைக் கவனித்தேன். செம்புக் காப்பு போட்ட சாரின் வலக்கை, லேத்தை ஓட்டும் நெம்புகோலின் மேல் இருக்கிறது. இரும்பைப் பிடித்திருக்கும் சக்கில், அதை முடுக்குகிற சாவி செருகியபடியே நிற்கிறது. சாவியை எடுக்காமல் ஓட்டினால் அது தோட்டாபோலப் பறந்து யார் மண்டையையும் பிளக்கும். ஒர்க்‌ஷாப் சுவரில் சிவப்பில் எழுதியிருந்த முதல் விதியே அதுதான். அப்போது என் மதிப்பெண் அவர் கையில் இருந்தது. படத்தை அவளிடம் வாங்கி வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துப் பொறுத்தேன்.

படித்து முடித்ததும் ஒரு கம்பெனியின் பயிற்சிக் கூடத்தில் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்ததும் முதல் வேலையாக மேலதிகாரியை நச்சரித்து, பாடத்துக்கென்று ஒரு கேமரா போனுக்கு அனுமதி வாங்கினேன். மெஷினைக் கிட்டப்போய்ப் படமெடுத்துத் திரையில் பெரிதாகப் போடுவேன். கடைசி ஆள்வரை தெரியும். இந்த வருடம் பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கு எங்கள் கூடத்தில் பயிற்சி நடந்தது. வந்தவர்களில் அவரும் இருந்தார். கேட்டில் செக்யூரிட்டி அவருடைய போனின் கேமராவில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியிருந்தார். என்னைக் கண்டதும் "நம்ம ஸ்டூடண்ட்டு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையடித்துக்கொண்டார்.

முதல் வகுப்பிலேயே திரையில் அந்தப் படத்தைப் போட்டேன். "இதுல என்ன தப்பு? சார், நீங்க சொல்லுங்க."

அவர் கை தானாகவே சட்டைக்கையை இழுத்துக் காப்பை மூடியது. ஆனால் அவருடன் வந்தவர்கள் அதற்குள் காப்பைப் பார்த்துவிட்டார்கள்.

"சாவி... சக்குலயே இருக்குது மேடம்."

"சத்தமா சொல்லுங்க சார். பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல."

அவர் இன்னொரு முறை சொன்னார். எனக்கு ஐஸ்கட்டி விழுங்கியதுபோல நெஞ்சு குளிர்ந்தது. இரக்கம் வரும் என்று படித்திருக்கிறேன். எனக்கு வரவில்லை. அதற்குப் பிறகு அவர் முன்வரிசைக்கு வரவே இல்லை. மாலையில் புது மெஷினை ஓட்டிக் காட்டியபோதும் கூட்டத்துக்குப் பின்னாலேயே நின்றார். எல்லோரும் கலைந்ததும் தயங்கித் தயங்கி வந்தார். "மேடம், பின்னால நின்னதுல டூல் செட்டிங் சரியாத் தெரியல. ஸ்டிக்கர எடுத்துட்டு ஒரு போட்டோ புடிச்சிக்கட்டுமா?" பயிற்சிக் கூடத்துக்குள் ஸ்டிக்கரை எடுக்கச் சொல்லும் அதிகாரம் எனக்கு உண்டு.

"கண்ணால பாருங்க, கையால வரைங்க சார்" என்றேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "அவரு எங்கன நின்னாரு?" என்று மட்டும் கேட்டார். "பின்னாலப்பா. சுவத்தோரமா." அப்பா தலையாட்டிவிட்டு, அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

அன்றே டேப்பைத் தூக்கி எறிந்திருக்கலாம். மூடியைத் திறந்து பார்த்தேன். பசை காய்ந்து, ஓரம் சுருண்டு கிடந்தது. கொஞ்சம் கோந்து தடவி மறுபடி ஒட்டிவைத்தேன்.