பத்து வருஷம் கப் எங்களுக்குத்தான்

அந்த வருஷம் எங்கள் கல்லூரியின் உடற்கல்வி மேடம் பிரசவ விடுப்பில் போயிருந்தார். மாணவிகள் வெளியூர்ப் போட்டிக்குப் போனால் கூடவே ஒரு பெண் விரிவுரையாளர் போயாக வேண்டும். முதல்வராக இருந்த சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"மதுரைக்கு ரெண்டு நாள் போயிட்டு வாங்க. பிள்ளைங்க விளையாடுவாங்க. நீங்க கூட இருந்தாப் போதும்."

"என்ன விளையாட்டு சிஸ்டர்?"

"சாஃப்ட்பாலாம்" என்றார். அவருக்கும் அதற்கு மேல் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் வேதியியல் துறை. பள்ளியில் படித்த காலத்தில் விளையாட்டு விழா அன்று தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்தவள். திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பதினான்கு பெண்களோடு மதுரை வண்டி ஏறினேன்.

மைதானத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் எங்கள் பிள்ளைகளைச் சரியாகப் பார்த்தேன். மற்ற கல்லூரிகள் ஒரே நிறச் சட்டை, பெயர் பொறித்த தொப்பி, புது ஷூ என்று வந்திருந்தன. எங்கள் டிராக் பேன்ட் டவுனில் ஒரு டெய்லர் சுடிதார் அளவில் தைத்தது. தலையில் சிமெண்ட் கம்பெனி இலவசமாகக் கொடுத்த தொப்பி. எங்கள் அணியில் மட்டைக்குப் பின்னால் பந்து பிடிக்கிற கேட்சரின் அப்பா வடமதுரையில் சிமெண்டும் கம்பியும் விற்கும் கடை வைத்திருந்தார். அங்கிருந்து வந்த தொப்பிகள் அவை. எதிரணிப் பெண்கள் எங்களைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. பிள்ளைகள் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை.

எனக்கு ஆட்டம் புரியவில்லை என்பதைக் கண்டுபிடித்தவள் அந்த வடமதுரைக்காரிதான். அவள் மட்டை பிடிக்கும் முறை வரும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள்.

"மிஸ், பேஸ்பால் மாதிரிதான் இதுவும். பந்து செத்தப் பெருசு, கையைக் கீழாகச் சுத்தி எறியணும். அங்க பாருங்க, நாலு மூலை இருக்கு. அடிச்சிட்டு ஓடணும். நாம போய்ச் சேர்றதுக்கு முன்னாடி பந்து அந்த மூலைக்குப் போயிட்டா அவுட்டு. மூணு மூலையையும் தொட்டுட்டுத் திரும்ப இங்க வந்து சேந்தா ஒரு ரன்னு. மூணு பேரு அவுட்டானா நம்ம பேட்டிங் முடிஞ்சுது, அவுங்க வருவாங்க. ஏழு தடவை இப்பிடி. அம்புட்டுத்தான்."

"அப்ப நீ என்ன செய்வே?"

"எறியறதைப் பிடிப்பேன். எறியறவ அந்தா நிக்கிறா பாருங்க."

பந்து எறிகிற இடத்தில் நின்றவள் குஜிலியம்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரிலிருந்து வந்த முதலாண்டு மாணவி. நெட்டையாக, எலும்பும் தோலுமாக இருந்தாள். அவள் பேசி நான் கேட்டதில்லை. கையை ஒருமுறை முழுதாகச் சுழற்றி அவள் பந்தை விட்டபோது, கேட்சரின் கிளவுஸில் அது விழுந்த சத்தம் மைதானத்தின் அந்த மூலைவரை கேட்டது. சிரித்துக்கொண்டிருந்த எதிரணிப் பெண்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள்.

அன்றைக்கு இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். மறுநாள் காலை அரையிறுதி, மாலை இறுதி. இறுதியில் முந்தைய வருஷச் சாம்பியனான மதுரைக் கல்லூரி எதிரில் நின்றது. அவர்களில் அடித்து ஓடி முதல் மூலையைத் தாண்டியவர்கள் மிகச் சிலரே. கடைசிப் பெண்ணும் மட்டையை வெறும் காற்றில் வீசிவிட்டு நின்றபோது எனக்கு முன்பாகவே என் கால்கள் எழுந்துவிட்டன. விடைத்தாள் கட்டு மடியிலிருந்து சரிந்து புழுதியில் கிடந்தது. எங்கள் பிள்ளைகள் குஜிலியம்பாறைக்காரியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் "இறக்கி விடுங்கடி" என்றாள். அவள் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். மட்டைகளும் கேட்சரின் கவசமும் இருந்த பெரிய பையைப் பார்த்துவிட்டு கண்டக்டர் லக்கேஜ் போட வேண்டும் என்றார். பிறகு என் மடியில் இருந்ததைப் பார்த்தார்.

"கப்பா? யாரு ஜெயிச்சது?"

"இந்தப் பிள்ளைங்கதான்."

"எந்த ஊரு?"

"திண்டுக்கல்."

"அப்ப லக்கேஜெல்லாம் வேண்டாம் விடுங்கம்மா" என்று டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் போனார். டிரைவரிடமும் சொல்லியிருக்க வேண்டும். அம்மையநாயக்கனூர் தாண்டியதும் அவர் காரணமே இல்லாமல் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

மறு வருஷம் உடற்கல்வி மேடம் திரும்பி வந்துவிட்டார். என் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். போட்டிக்கு ஒரு வாரம் முன்பு பிள்ளைகள் ஆய்வகத்துக்கு வந்து வாசலில் நின்றார்கள்.

"மிஸ், நீங்களும் வாரீங்கல்ல?"

"மேடம்தான் வந்துட்டாங்களே. நான் எதுக்கு?"

"மேடம் விளையாட வைப்பாங்க. கத்துறதுக்கு ஆள் வேணும்ல" என்றாள் கேட்சர்.

போனேன். அந்த வருஷமும் ஜெயித்தோம். அதற்கடுத்த வருஷமும். பிறகு நான் வருவேனா என்று யாரும் கேட்கவில்லை. போட்டி நாட்களில் என் வகுப்புகளைத் துறைத்தலைவர் தாமே எடுத்துக்கொண்டார். என் கணவர் பள்ளி ஆசிரியர். மூன்றாவது வருஷம், வேறு வேலையாக மதுரை வந்ததாகச் சொல்லிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். நான்காவது வருஷம் எந்தக் காரணமும் சொல்லாமல் வந்தார்.

குஜிலியம்பாறைக்காரி எங்களிடமே முதுகலையும் சேர்ந்ததால் ஐந்து வருஷம் எங்களுக்கு எறிந்தாள். தினமும் மாலையில் விடுதிச் சுவரைப் பார்த்து எறிந்துகொண்டே இருப்பாள். சுவரில் வட்டமாகப் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. விடுதிக் காப்பாளர் முதல்வரிடம் புகார் சொன்னார். சிஸ்டர் வந்து பார்த்தார். உதிர்ந்த இடத்தைக் கையால் தடவினார். அந்த வாரமே கொத்தனார் வந்து அந்த இடத்தில் மட்டும் சிமெண்டைக் கனமாகப் பூசிவிட்டுப் போனார்.

அவளுடைய அப்பா ஒரே ஒருமுறைதான் ஆட்டம் பார்க்க வந்தார். வானம் பார்த்த பூமியில் கடலையும் சோளமும் போடுகிறவர். வேலியோரம் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"டீச்சர், எம் மக எறியறத அவுகளால அடிக்க முடியலையா?"

"முடியலங்கய்யா. யாராலயும் முடியல."

"இத்தன பேர் மாறி மாறி வந்துமா?"

"ஆமாங்கய்யா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்பச் சரி. நான் வாரேன். மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று பஸ்ஸுக்குக் கிளம்பினார். வாசல்வரை போய் நின்று, இன்னும் ஒரு ஓவர் பார்க்கிற கிரிக்கெட் ரசிகரைப் போல இன்னும் ஒருத்தி அவுட்டாவதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அவள் படிப்பு முடிந்து போன வருஷம், எங்கள் கதை முடிந்தது என்று மதுரையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எனக்கும் உள்ளூர அப்படித்தான் தோன்றியது. புதிதாக எறிய வந்தவள் என்னுடைய மாணவி, இரண்டாமாண்டு வேதியியல், டவுனில் மேரி மாதா சிலை இருக்கும் கெபிக்கு எதிர்த் தெருவில் வீடு. நல்ல கை. ஆனால் ஆய்வகத்தில் பியூரெட் குழாயைத் திறக்கும்போதே விரல் நடுங்குகிறவள். ஆட்டத்துக்கு முன்னால் ஜெபமாலையை எடுத்து உருட்டிவிட்டு, "மிஸ், நான் தோத்துட்டா என்ன பண்றது?" என்று கேட்டாள். "முதல்ல சாப்டியா?" என்று கேட்டேன்.

அவளுக்குப் பின்னால், இரண்டாம் மூலைக்கும் மூன்றாம் மூலைக்கும் நடுவில் நிற்கிறவள் நெய்க்காரப்பட்டிக்காரி. மூன்றாமாண்டு. ஐந்தடிகூட இருக்க மாட்டாள். எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவாள். நடுவர் தவறாக அவுட் கொடுத்தாலும், "ஏனுங்க சார், அது அவுட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் வந்து உட்காருவாள். ஆனால் அவள் நின்ற பக்கம் பந்தை அடித்துவிட்டு முதல் மூலைக்குப் போய்ச் சேர்ந்தவளை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இறுதி ஆட்டம். கடைசித் தடவையாக எதிரணி மட்டை பிடித்தது. நாங்கள் ஒரே ஒரு ரன் முன்னால் இருந்தோம். முதல் பெண்ணை அவுட்டாக்கினோம். இன்னும் இரண்டு பேர் மிச்சம். அங்கேதான் என் வேதியியல் மாணவிக்குக் கை ஓடவில்லை. பந்து மேலே போனது, வெளியே போனது, தரையில் குத்தியது. சரியான உயரத்தில் வராத பந்து நாலு எறிந்தால் அடிக்காமலேயே முதல் மூலைக்கு நடந்து போகலாம். அப்படி ஒருத்தி நடந்தாள். அடுத்தவளும் நடந்தாள். அதற்கடுத்தவளும் நடந்தாள். மூன்று மூலைகளிலும் அவர்கள் ஆட்கள். இன்னொருத்தி நடந்தால் சமம். அடித்துவிட்டால் கப் போய்விடும். எதிர்ப்பக்கம் டிரம் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். என் கணவர் எழுந்து போய் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நெய்க்காரப்பட்டிக்காரி நடுவரிடம் கொஞ்சம் நேரம் கேட்டு நடுவில் வந்தாள். எறிகிறவளின் தோளில் கைவைத்து ஏதோ சொன்னாள். ஒரே வாக்கியம்தான் இருக்கும். திரும்பித் தன் இடத்துக்குப் போய், குனிந்து, கிளவுஸைத் தரையில் உரச விட்டு நின்றாள்.

அடுத்த பந்து வேகமாக வரவில்லை. அடிக்கிறவளுக்கு ஆசை காட்டுகிற மாதிரி நேராக வந்தது. அவள் ஓங்கி அடித்தாள். பந்து தரையோடு சீறிக்கொண்டு இரண்டாம் மூலைக்குப் பக்கமாகப் போனது. போய்விட்டது என்று நினைத்தேன். நெய்க்காரப்பட்டிக்காரி குறுக்கே பாய்ந்து விழுந்தாள். எழுந்தபோது பந்து அவள் கையில் இருந்தது. ஒரு எட்டில் இரண்டாம் மூலையை மிதித்தாள். அங்கே ஓடி வந்துகொண்டிருந்தவள் அவுட். மிதித்த காலிலேயே திரும்பி முதல் மூலைக்கு எறிந்தாள். அடித்தவள் வந்து சேர இரண்டு எட்டுத் தூரம் இருக்கும்போதே பந்து போய்ச் சேர்ந்தது. அதுவும் அவுட். ஆட்டம் முடிந்தது. டிரம் அடித்தவர் இன்னும் ஒன்றிரண்டு அடி அடித்துவிட்டுத்தான் நிறுத்தினார்.

என் கணவர் திரும்பி, "என்ன ஆச்சு?" என்று கேட்டார். பிள்ளைகளைக் கையால் காட்டினேன்.

பஸ்ஸில் வரும்போது அந்தக் குட்டிப் பெண்ணிடம் கேட்டேன். "அவகிட்ட என்னம்மா சொன்னே?"

"ஒண்ணுமில்லீங்க மிஸ். அவுட்டாக்க வேண்டாம், அடிக்க விடுங்க, நா இருக்கறனல்லோன்னு சொன்னனுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க."

அவளுடைய முழங்கை இரண்டிலும் தோல் உரிந்து மண் ஒட்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாணவி ஈரக் கைக்குட்டையால் அதைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அந்த வருஷத்துக்குப் பிறகு அவளுக்கு விரல் நடுங்கவில்லை. அடுத்த வருஷம் இறுதி ஆட்டத்தில் அவள் யாரையும் சும்மா நடக்க விடவில்லை.

இரண்டாயிரத்தின் முதல் வருஷங்களிலும் கப் எங்களிடமே இருந்தது. பத்தாவது வருஷம் போட்டியை எங்கள் கல்லூரியிலேயே நடத்தச் சொன்னார்கள். சிறுமலைப் பக்கம் மேகம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தபடி பந்தல் போட்டோம். பிரியாணிக் கடைக்காரர் ஒருவர் வந்து, ஜெயித்தால் பிள்ளைகளுக்கு ஒரு தேக்சா நிறைய பிரியாணி தன் செலவு என்றார். "ஜெயிக்காட்டியும் அரை தேக்சா உண்டு" என்று சிஸ்டரைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். அவர் முழு தேக்சாவும் அனுப்ப வேண்டியதாயிற்று.

இறுதி ஆட்டத்துக்குப் பழைய பிள்ளைகளும் வந்திருந்தார்கள். வடமதுரைக் கேட்சர் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. நெய்க்காரப்பட்டிக்காரி போலீஸில் சேர்ந்திருந்தாள். குஜிலியம்பாறைக்காரி இடுப்பில் பெண் குழந்தையோடு வந்திருந்தாள். மறுநாள் காலை பழைய பிள்ளைகளும் புதுப் பிள்ளைகளும் ஒன்றாக ஆடலாம் என்று யாரோ ஆரம்பித்தார்கள். புதுப் பிள்ளைகள் பக்கம் ஒரு ஆள் குறைந்தது.

"மிஸ்ஸ இறக்குங்க" என்றாள் கேட்சர்.

பத்து வருஷத்தில் நான் ஒருநாளும் மட்டையைத் தொட்டதில்லை. சேலையை இழுத்துச் செருகிவிட்டு, கையில் மட்டையைத் திணித்துவிட்டார்கள். எதிரில் குஜிலியம்பாறைக்காரி பந்தோடு நின்றாள். அவளுடைய குழந்தை என் கணவரின் மடியில் இருந்தது. வயதான டீச்சருக்கு மெதுவாகத்தான் எறிவாள் என்று நினைத்தேன். முதல் பந்து வந்ததே தெரியவில்லை. இரண்டாவதின் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏ புள்ள, கொஞ்சம் மெதுவா எறியேன்" என்றேன்.

"அடிங்க மிஸ்" என்றாள்.

மூன்றாவது பந்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு வீசினேன். மட்டையின் அதிர்வு தோள்வரை ஏறியது. பந்து உருண்டு போனது. "ஓடுங்க மிஸ்" என்று நாற்பது குரல்கள். செருப்பு ஒன்று கழன்று போக, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் மூலையைப் பார்த்து ஓடினேன். நெய்க்காரப்பட்டிக்காரி ஓடி வந்து பந்தை எடுத்து, என்னைவிட வெகு முன்னதாக அங்கே சேர்த்துவிட்டாள்.

"அவுட்டுங்க மிஸ்" என்றாள் மிகவும் மரியாதையாக.

மூச்சு வாங்கிக்கொண்டு அந்த மூலையிலேயே நின்றேன். மைதானம் முழுக்கக் கைதட்டினார்கள். என்னோடு சேர்ந்து ஆடிய பெண்கள் ஓடி வந்து, ஜெயித்துவிட்ட மாதிரி என்னைத் தூக்கினார்கள்.