சந்தனம் தாங்கும் போட்டோ பேப்பர்

போன மாசம் தவறிப்போன என் வீட்டுக்காரர் போட்டோவை, மகளின் பிரிண்டரில் நேற்று சாதாரணப் பேப்பரில் பிரிண்ட் எடுத்தோம்.

இன்று காலையில் நெற்றியில் சந்தனம் வைத்தேன். ஈரம் பட்டதும் மை கரைந்து கன்னம்வரை ஓடிவிட்டது. உயிரோடு இருந்தவரை அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததே இல்லை.

நல்ல போட்டோ பேப்பர் வாங்க, நாங்கள் இருக்கும் இந்தத் தெலுங்கு ஊரில் நாச்சாரம் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு தமிழ் ஜோடி நின்றது. அரக்கு மலைக்கு டூர் போய் எடுத்துவந்த போட்டோக்களுக்குப் பேப்பர் பார்த்தார்கள்.

"பளபளன்னு இருக்கே, இதையே வாங்குங்க."

"உன் மூக்கு ஏற்கெனவே பளபளக்குது. மினுக்காத மேட் பேப்பரே போதும்டி."

"உங்க தொப்பைக்கு எந்தப் பேப்பரும் பத்தாது, போங்க!"

கடையே சிரித்தது. எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

என் முறை வந்ததும், "சந்தனம் வச்சா கரையாத பேப்பர் இருக்கா அண்ணா?" என்று கேட்டேன்.

"நக்கோ அம்மா, பேப்பர் மேல வேண்டாம். கண்ணாடி ஃபிரேம் போடுங்க, சந்தனத்தை அந்தக் கண்ணாடி மேல வைங்க" என்றார் கடைக்காரர்.

கண்ணாடிக்கா நான் வாழ்க்கைப்பட்டேன்? அவர் நெற்றியில்தான் என் விரல் படவேண்டும்.

பளபளப்பும் மேட்டும் இரண்டுமே வாங்கி வந்துவிட்டேன். எதில் சந்தனம் நிற்கும்? வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கடையிலிருந்து கிளம்பும்போதே அந்தப் பெண்ணைக் கேட்கலாம் என்று பார்த்தால், கடை வாசலில் இன்னும் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கொடுத்துவைத்தவள்.