பாதிப் படத்துக்கு அவர் சொன்ன முடிவு

எங்க வீட்டுக்காரர் முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவர். கேட்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும், கூட இருந்து பார்த்தாத் தெரியும். எந்தக் கட்டடத்துல யார் ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டாலும் போன் இவருக்குத்தான் வரும். அதுவும் எப்ப? நாங்க தியேட்டர்ல உட்கார்ந்து, கதை சூடு பிடிச்ச அந்த நிமிஷத்துல.

"நீ இருந்து பார்த்துட்டு வா"ன்னு பெருந்தன்மையா சொல்லுவார். தனியா உட்கார்ந்து படம் பார்க்கறதுக்கா கல்யாணம் பண்ணிக்கிட்டேன்? முணுமுணுத்துக்கிட்டே நானும் எழுந்து வந்துடுவேன். ஊரே கொண்டாடின படம் எதையும் நாங்க இடைவேளைக்கு அந்தப் பக்கம் பார்த்ததில்ல.

ஆனா மனுஷன் அதை ஒத்துக்கணுமே! மொட்டைமாடி மிஷின் ரூம்ல பிரேக்கைக் கழட்டி மாட்டற நேரத்துல மிச்சக் கதையை இவரே யோசிச்சு முடிச்சுடுவார். மறுநாள் யாராவது கேட்டா, கண்ணால பார்த்த மாதிரி அளந்து விடுவார். அதுக்கு 'விமர்சகர்'னு பட்டப்பேர் வேற. எனக்குப் பத்திக்கிட்டு வரும். இருந்தாலும் நாலு பேர் முன்னாடி புருஷனை விட்டுக் கொடுக்க முடியுமா? வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.

இவர் ஓய்வு பெற்றதும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க வீட்டுல ஒரு சபை ஆரம்பமாச்சு. மொத்தமே நாலு பேர். நாங்க ரெண்டு பேர், கண்ணாடிக்கடைத் தம்பி, அவரோட அக்கா. தம்பி ஊருக்கே படிக்கக் கண்ணாடி போட்டவர், ஆனா ஒரு நாவலைக்கூட முழுசா முடிச்சதில்ல. அக்கா ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தவங்க. வார்டு ரேடியோவுல எந்தப் பாட்டு ஆரம்பிச்சாலும், பல்லவி முடியறதுக்குள்ள ஏதாவது ஒரு கட்டில்லேருந்து மணி அடிச்சுடுமாம். ஆக எல்லாருமே அரைகுறை. விட்டுப்போன படம், பாட்டு, புத்தகம் எல்லாத்தையும் சீட்டுல எழுதி பிஸ்கட் டப்பாவுல போட்டு வச்சோம். வாரம் ஒண்ணு எடுக்கறது, முழுசா முடிக்கற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது. இதுதான் சட்டம்.

நாலு மாசம் ஜோராப் போச்சு. சரணத்தைக் கேட்டு அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. தம்பி ஒரு நாவலோட கடைசிப் பக்கத்தைப் படிச்சுட்டு, பரீட்சை பாஸான மாதிரி எழுந்து நின்னார்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை தம்பி கையில அவரே எழுதிப் போட்ட சீட்டு வந்துச்சு. "அடுத்த வாரம் நம்ம படம்!"னு துள்ளினார். இவர் முகம் வெளுத்துப் போச்சு.

காரணம் இருக்கு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி அவங்க அப்பா காலமானப்ப, துக்கத்துல தம்பி ஒரு வார்த்தையை விட்டுட்டார். "நர்ஸா இருந்து என்ன பிரயோஜனம், அப்பாவைக் காப்பாத்த முடியலையே." எந்த அக்கா தாங்குவாங்க? நாலு வருஷம் ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல. தம்பி இளைச்சுத் துரும்பாயிட்டார். அந்தச் சமயத்துல இவர் ஒரு படக்கதை சொன்னார். எதிரெதிர் வீட்டுல பேசாம இருக்கற அக்கா தம்பி கதை. "கடைசியில தம்பி கொட்டற மழையில போய்க் கதவைத் தட்டறான். அக்கா ஒரு வார்த்தை கேட்கல. துண்டை எடுத்து அவன் மேல போட்டு, தலையைத் துவட்டிக்கோன்னு சொல்றா. அவ்வளவுதான் படம்."

மறுநாளே தம்பி போய் அக்கா வீட்டுக் கதவைத் தட்டிட்டார். அன்னைக்கு ஒண்ணா ஆனவங்கதான், இன்னிக்கு வரைக்கும் பிரியல.

இப்பச் சீட்டுல வந்தது அதே படம். அதுலயும் நாங்க இடைவேளையோட எழுந்து வந்தவங்கதான். ஜவுளிக்கடை லிஃப்ட்ல நாலு பேர் மாட்டிக்கிட்டாங்க. மழையும் துண்டும் இவரோட சொந்தச் சரக்கு.

"உண்மையைச் சொல்லித் தொலைங்க"ன்னு வாரம் பூரா சொன்னேன். "ஒரு பொய்யைச் சொல்லியா என்னை அனுப்பினீங்கன்னு தம்பி கேட்டா என்ன பதில் சொல்றது? அக்கா என்ன நினைப்பாங்க? ரெண்டு பேரும் மறுபடி முகத்தைத் திருப்பிக்கிட்டா?"ன்னு புலம்பினார். சாப்பாடு இறங்கல. ஞாயித்துக்கிழமை வந்தது. டி.வி. ஓடல. எனக்கா தெரியாது? நேரா மெயின் பாக்ஸைத் திறந்தேன், ஃபியூஸைக் காணோம். "எடுங்க"ன்னு கையை நீட்டினேன். சட்டைப் பையிலேருந்து எடுத்துக் குடுத்தார், திருட்டு முழியோட.

படம் ஓடிச்சு. இடைவேளை தாண்டினதும் எனக்குப் புதுப் படம். இவர் வேர்வையில குளிச்சுக்கிட்டு இருந்தார். கடைசிக் காட்சி. மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல. தம்பிக்காரன் தெருவைத் தாண்டிப் போறான், கதவைத் தட்டக் கையைத் தூக்கறான், அப்படியே கீழ போட்டுட்டுத் திரும்பிப் போயிடறான். எதிர் வீட்டு விளக்கு அணையுது. படம் முடிஞ்சுது.

தம்பி மெதுவாத் திரும்பினார்.

"அண்ணே... துண்டு எங்க?"

இவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "நான் பாதியிலயே எழுந்து போயிட்டேன் தம்பி. முடிவு நானாச் சொன்னது. அப்ப உன் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கல. என்னை என்ன வேணா திட்டு, அக்காகிட்ட மட்டும் பழையபடி..."

"போதும் நிறுத்துங்க"ன்னாங்க அக்கா. சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க! "இந்த முடிவு எனக்கு அன்னைக்கே தெரியும். வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து நான் லீவு போட்டு முழுசாப் பார்த்த ஒரே படம் இதுதான்."

தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "அப்ப நான் வந்து நின்னப்ப..."

"பட்ட வெயில்ல வந்து நின்னுக்கிட்டு, 'படத்துல வர்ற மாதிரி வந்திருக்கேன்க்கா, ஒரு துண்டு குடு'ன்னு அழுதே. இவனுக்கு யாரோ தப்பாக் கதை சொல்லியிருக்காங்கன்னு புரிஞ்சுது. நல்லவேளை, தப்பாச் சொன்னாங்களேன்னு இருந்துச்சு. சரியாச் சொல்லியிருந்தா நீயும் அவனை மாதிரி பாதியில திரும்பிப் போயிருப்பேடா மடையா!"

தம்பிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துடுச்சு. என் நெஞ்சுல இருந்த பாறாங்கல்லு அப்பத்தான் இறங்குச்சு. "இத்தனை வருஷம் ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லல?"ன்னு கேட்டேன்.

"சொன்னா இவர் கதை சொல்றதை நிறுத்திடுவாரேம்மா."

எழுந்து போய்க் கொடியில கிடந்த துண்டை உருவினாங்க. நாற்காலியில வேர்த்து ஒழுகிக்கிட்டு இருந்த எங்க வீட்டுக்காரர் மேல போட்டாங்க.

"முதல்ல தலையைத் துவட்டிக்கோங்க"ன்னாங்க.