அக்கா சொன்ன நரம்பு

ஸ்கேன் அறை அக்காவுக்கு ‘ஆடாதீங்க’ என்று பட்டப்பெயர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நாள் முழுக்க மைக்கில் அதையே ஓதுவாள். வீட்டில் குக்கர் ஆடினால்கூட அதட்டுவாள் என்பது அவள் தம்பி கிளப்பிவிட்ட புரளி.

தம்பி டைல்ஸ் ஒட்டுகிறவன். பிழைப்பே முட்டி போட்டுத்தான். பந்து விளையாடப் போனவன் முட்டி ஜவ்வை அறுத்துக்கொண்டு வந்து நின்றான். நின்றான் என்பது மரியாதைக்கு, நொண்டினான்.

புது ஜவ்வுக்கு அவன் உடம்பிலிருந்தே ஒரு துண்டு எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். தொடையின் பின்பக்கம் எடுக்கலாம். அங்கே மெலிந்திருந்தால் முன்பக்கம், முட்டிச் சில்லுக்குக் கீழே. ஆனால் முன்பக்கம் எடுத்தால் பிறகு முட்டி போடும்போது வலிக்கலாம். ஸ்கேனில் பருமன் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

“அக்கா, முன்பக்கமே எடுக்கச் சொல்லப் போறேன்” என்றான் தம்பி, ஸ்கேன் மேஜையில் ஏறாமலேயே.

“மூளைய எங்கடா கழட்டி வெச்ச? அப்புறம் எப்படி டைல்ஸ் ஒட்டுவ?”

“பின்னாடி இருக்கறது நரம்பாமே. அதை உருவிட்டா கால் மரத்துப் போகாதா?”

“எவன் சொன்னான்?”

“நீதான்.”

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். வருகிறவர்களுக்குச் சட்டென்று புரியட்டும் என்று, தசையை எலும்போடு கட்டும் நாணையும் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டாள்.

“மரத்துப் போறது வேற நரம்புடா. இது வெறும் கயிறு. எடுத்தா கொஞ்ச நாள் தொடை வலிக்கும், மரத்தெல்லாம் போகாது. என் வாயைத் தைக்கணும்.”

“ஊசி குடு, நானே தைக்கறேன்” என்றவன் ஏறிப் படுத்தான்.

திரையில் அந்த நாண்கள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தன. அவற்றைச் சுற்றிக் கோடு போட்டு அளந்தாள். அழித்துவிட்டு மறுபடி அளந்தாள். பாசம் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட வைத்திருக்குமோ என்று சந்தேகம். டாக்டரையே கூப்பிட்டாள். அவர் தானும் அளந்து பார்த்தார்.

“நல்ல பருமன். மடிச்சு வெச்சாப் போதும். முன்பக்கம் தொட வேணாம்.”

தம்பியிடம் சொன்னபோது அவன் முட்டியைத் தடவிக்கொண்டான்.

“அப்போ முட்டி போடலாமா?”

“பல மாசம் ஆகும். போடலாம்னுதான் டாக்டர் நம்பறார்.”

“உன் வீட்டு பாத்ரூம் தரைதான் முதல் வேலை. வேற எவனையும் கூப்பிட்டுடாத.”

“எப்பவோ ஆள் சொல்லியாச்சு, போடா.”

சொன்னது உண்மைதான். அந்த ஆளை அன்று காலையே, ஸ்கேனுக்கு முன்னாலேயே, வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதை மட்டும் அவள் சொல்லவில்லை.