புது நெல் சோறு

எல்லையம்மாளுக்கு எதையும் குடைந்து குடைந்து கேட்டாக வேண்டும். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் அவளோடு நடவுக்குப் போகும் பெண்கள், "வந்துட்டா கேள்வி கேக்க" என்று அலுத்துக்கொள்வார்கள். கூலி உயர்வு கேட்டு ஊருக்கு ஊர் சங்கக் கொடி ஏறிய காலம் அது.

அவளை அப்போது குடைந்தது புருஷன் சிங்காரவேலுவின் வயிறு. மற்ற நாட்களில் கல்லைத் தின்றாலும் செரித்துவிடும். அறுவடை வந்தால் போதும், வயிறு ஊதிப் புளித்த ஏப்பம் விட்டபடி வரப்பில் சுருண்டுவிடுவான். தெருவில் பாதிப் பேருக்கு இதே கதைதான். மிராசுதார் சாரங்கபாணி பொறுமை இழந்து, "இந்த அறுப்புலயும் படுத்தா அவன் எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். குடிசை நின்ற மனையும் அவருடையதுதான். வேலை போனால் எங்கே போவது என்று எல்லையம்மாள் நடுங்கிப்போனாள்.

அறுவடையில் மட்டும் அப்படி என்ன வந்துவிடுகிறது? மிராசுதார் வீட்டு மாட்டுக்கொட்டகை கூட்டும் மலர்கொடியிடம், அந்த வீட்டில் யாருக்காவது வயிற்றுவலி வருமா என்று கேட்டாள்.

"அவங்களுக்கு ஏன் வரப்போவுது? பொங்கலன்னிக்கு மட்டுந்தான் புது அரிசி. மத்த நாளெல்லாம் போன வருஷத்து நெல்லுதான். புதுசு வயித்துக்கு ஆகாதாம்."

எல்லையம்மாளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. களத்தில் கூலியாக அளந்து போடும் ஈர நெல்லை அன்றே வறுத்துக் குத்தி உலையில் போடுகிற தெரு அவளுடையது.

கூலிப் பேச்சு நடந்த அன்று அவள் எழுந்து நின்றாள். "கூலிய பழைய நெல்லாக் குடுங்கய்யா."

கூலி உயர்வை விட்டுவிட்டு இதைக் கேட்கிறாளே என்று சங்கத்துக்காரர்களே முறைத்தார்கள். சாரங்கபாணி கோபப்படவில்லை. "நாங்க குடுக்கறதையே பத்திரமா வச்சிருந்து, பழசானதும் சாப்பிடுங்களேன்" என்றார். மனுஷர் அக்கறையாகத்தான் சொன்னார், அதுதான் வேடிக்கை.

"சரிங்கய்யா. அது பழசாகுற வரைக்கும் நாங்க என்னத்தங்க திங்கிறது?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டே சம்மதித்தார். அந்த அறுவடைக்கு அவர் வீட்டு நெற்குதிரிலிருந்து பழைய நெல் வந்தது. சிங்காரவேலு கடைசிக் கட்டு வரை நின்று அறுத்தான், வேலையும் நிலைத்தது.

ஆனால் எல்லையம்மாளை உலுக்கியது முதல் நாள் உலைதான். எப்போதும் போடுகிற அளவு அரிசிதான் போட்டாள். புது அரிசி முக்கால் பானையோடு நின்றுவிடும், பழைய அரிசியோ பூத்துப் பூத்துப் பானை விளிம்புக்கு வந்தது. பிள்ளைகள் மறுசோறு வாங்கிச் சாப்பிட்ட பிறகும் அடியில் மீதி இருந்தது.

"அப்ப இத்தன வருஷமா வயித்துவலியும் நமக்கு, கொறைச்ச சோறும் நமக்கா?" என்று புருஷனைக் கேட்டுவிட்டு, அடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்து அழுதாள்.