பிறக்கும் முன்னே நெல் ஏற்றிய பெயர்

என் தங்கை பிறப்பதற்கு முன்பே அவள் பெயர் கொல்லங்கோட்டு நெல் மில்லுக்குப் பலமுறை போய்வந்துவிட்டது. பிறந்தபின் ஊர் சுற்றும் பிள்ளைகள் உண்டு. பிறக்கும் முன்னே நெல் ஏற்றியவள் அவள் ஒருத்திதான். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலையாள எல்லையில் இருக்கும் எங்கள் பக்கத்தில், டிராக்டருக்குப் பின்னால் கோக்கிற பெட்டி வாங்கினால், அதன் பின்பலகையில் பிள்ளையின் பெயரை எழுதாமல் விடமாட்டார்கள். மில்லிலும் சந்தையிலும் வண்டிக்கு அந்தப் பெயர்தான். வண்டிக்காரரையும் அந்தப் பிள்ளையின் அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு ஒன்பது வயதானபோது, இரண்டாம் போக அறுப்புக்கு முன்னால், அப்பா புதுப் பெட்டி வாங்கினார். அம்மா அப்போது நிறைமாதமாக இருந்தாள்.

பெயரை அம்மாவே முடிவு செய்து வைத்திருந்தாள். மகிழ். பையனுக்கும் ஆகும், பெண்ணுக்கும் ஆகும் என்றாள். அவள் சொன்னதில் முதல் பாதி மட்டும்தான் வீட்டார் காதில் விழுந்தது. அதனால் பெயருக்கு எதிர்ப்பு இல்லை. சண்டையெல்லாம் அதை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்பதில்தான்.

கஞ்சிக்கோட்டில் இரும்புக் கம்பெனியில் வேலை பார்த்த சித்தப்பா முதலில் ஆரம்பித்தார். "கடைசில இசட்-எச் போட்டா எங்க கம்பெனில வடக்கத்திப் பசங்க மகிஜுன்னு கூப்புடுவானுங்க. எல் போட்டுட்டா வம்பில்லை." நடுவில் கே போடுவதா, ஜி போடுவதா, எச் போடுவதா என்று அப்பாவுக்கு வேளைக்கு ஒரு கட்சி. அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, பொள்ளாச்சியில் எண்கணிதக்காரரிடமே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். பெயரின் கடைசியில் ஏ, என் என்று இரண்டு எழுத்தைச் சேர்த்தால் எண் அமோகமாக வருகிறதாம்.

"அப்படிச் சேத்தா மகிழன்னு ஆயிருமுங்க நங்கை" என்றாள் அம்மா. நாத்தனாரை எங்கள் பக்கம் நங்கை என்பார்கள்.

"ஆனா ஆகட்டுமே" என்றாள் அத்தை.

நான்தான் எல்லாவற்றையும் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாக்பீஸால் எழுதிக் காட்டினேன். நாலாம் வகுப்பில் என் இங்கிலீஷ் கையெழுத்துக்கு நல்ல பெயர். ஆளாளுக்கு ஒரு மகிழைக் கேட்டார்கள். சுவரில் இடம் தீர்ந்து, மாட்டுக்கொட்டகைக் கதவுக்குப் போனேன். வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் என் எழுத்தைப் பார்த்து நின்றது எனக்குப் பெரிய கௌரவமாக இருந்தது.

அறுப்பு நெருங்கியது. பெட்டிக்குப் பூசை போட்ட அன்று, கொல்லங்கோட்டிலிருந்து பெயிண்டர் வந்து சக்கரத்துக்கு மேலே கோடு போட்டுக்கொண்டிருந்தார். அம்மா வாசலுக்கு வந்து, பின்பலகையில் பெயரையும் இப்போதே எழுதிவிடச் சொன்னாள். அத்தை குறுக்கே வந்து மறித்தாள்.

"பொறக்காத பிள்ளைக்குப் பேரெழுதறது ஆகாது சாமி."

"சந்தோசமா இருன்னுதானுங்க அதுக்கு அர்த்தம். அதை எழுதறதுக்கு என்னங்க தோசம்?" என்றாள் அம்மா. அப்பா பக்கம் திரும்பி, "ஏனுங்க, மூளியா அனுப்புனா புது வண்டிக்குக் கண்ணு படாதா?" என்று கேட்டாள்.

அப்பாவுக்கு உள்ளூர ஆசைதான். சரியென்று தலையாட்டினார். "எப்படி எழுதணும்? ஏதாவது ஒண்ணு தீருமானிச்சுச் சொல்லுங்க சேச்சி, வெயில் ஏறுது" என்றார் பெயிண்டர்.

"மேல தமிழ்லயும் மலையாளத்துலயும் எழுதுங்க, ரெண்டுலயும் ழ இருக்குது. இங்கிலீசுல இல்லீங்கறதுக்காக நம்ம பிள்ளை பேரை எதுக்குக் குறைக்கோணும்? கோழிக்கோட்டு பஸ்ஸுல இசட்-எச் போட்டுத்தானே எழுதியிருக்குது, அதை ஆரும் தப்பாப் படிக்கறதில்லையே?" என்று சொன்ன அம்மா, தொட்டிச் சுவரில் நான் ஜி-யும் இசட்-எச்சும் போட்டு எழுதியிருந்ததைக் கைகாட்டினாள். என் கையெழுத்துதான் ஜெயித்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். எழுதி முடியும்வரை அம்மா வயிற்றைத் தாங்கிக்கொண்டு வெயிலிலேயே நின்றாள். உள்ளே போய் உட்காரச் சொன்னதற்கு, பெயிண்ட் காயட்டும் என்றாள்.

அறுப்பு தொடங்கியது. மில் வாசலில் வண்டி திரும்பும்போதே, "மகிழிண்ட அச்சன் வந்நல்லோ" என்று சுமைக்காரர்கள், மகிழின் அப்பா வந்துவிட்டார் என மலையாளத்தில் குரல் கொடுப்பார்கள். அப்பாவுக்கு அதில் அப்படியொரு குஷி. அதுவரை யாருடைய அப்பா என்றும் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதே மலையாளத்தில் சொல்லிக் காட்டுவார். ஒரு தரம் எடை போடுகிறவர், மகிழ் எந்த வகுப்பு என்று கேட்டாராம். இவரும் கூச்சமில்லாமல், இன்னும் சேர்க்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அறுப்பு முடிவதற்குள் பாப்பா பிறந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் மெல்லப் பேசினார்கள். குழந்தை தூங்குவதால் என்று நான் நினைத்தேன். அத்தை குழந்தையைக் கையில் வாங்கிப் பார்த்து, நெற்றியைத் தடவிக் கொடுத்தாள். பிறகு அப்பாவிடம் சொன்னாள்: "லட்சணமாத்தான் இருக்கறா. இவளுக்கு வேற ஒரு நல்ல பேராப் பாத்துக்கலாம். மகிழுங்கறது அடுத்து வர்ற பையனுக்கு இருக்கட்டும்."

எங்கள் வழக்கத்தில் குழந்தையின் காதில் முதன்முதலாகப் பெயரைச் சொல்கிறவள் அத்தைதான். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

அப்பா மில்லிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டையெல்லாம் உமி. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

"முடியாதுங்க அக்கா. மில்லுல என்னை மகிழோட அப்பான்னுதான் கூப்புடறாங்க. நாளைக்குப் போனா, பிள்ளை எப்படி இருக்குதுன்னு கேப்பாங்க. அது இன்னும் பொறக்கலைன்னா சொல்லட்டும்? பொறந்து, இதா, உங்க கையில இருக்குது."

அத்தை குழந்தையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். கடைசியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெயர் வைத்த அன்று அவள் குனிந்து மூன்று முறை மகிழ் என்று சொன்னது, காதில் சொன்ன மாதிரியே இல்லை. தெருவுக்கே கேட்டது. இன்றைக்கும் அந்தப் பெயரைத் தான்தான் வைத்ததாகச் சொல்லிக்கொள்கிறாள். சொல்லிக்கொள்ளட்டும்.

மகிழ் இப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். பெயரை மட்டும் பார்க்கிறவர்கள் 'சார்' போட்டு மெயில் அனுப்புகிறார்கள். அவள் யாரையும் திருத்துவதில்லை, வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு நேரில் போய் நிற்கிறாள். எனக்கு அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

நான் பிறந்தபோதும் வீட்டில் ஒரு பெயர் தயாராக இருந்ததாம். பையன் பெயர். நான் வந்ததும் அதை அடுத்தவனுக்கு என்று எடுத்து வைத்துவிட்டார்கள். பெயர் வைக்கிற நாளில் வேறு பெயரை யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. அத்தை வாயில் வந்த ஒரு சாமி பெயரைச் சொன்னாள், அதுதான் நான். இதையெல்லாம் அம்மா வெகுகாலம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா வெயிலில் நின்று பெயிண்டர் எழுத்தைச் சரிபார்க்கிறாள் என்பதுதான். காய்வதற்குள் யாரும் துடைத்துவிடாமல் அவள் காவல் நின்றது எனக்குத் தெரியவில்லை.