காகம் வராத பாதை

போன வருடம் புரட்டாதி மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை. மொன்றியலில் இருந்து வடக்கே, மலைகளுக்கு நடுவே ஆற்றை ஒட்டிப் போகிற ஒரு சைக்கிள் பாதையில் இது நடந்தது. முன்பு ரயில் ஓடிய பாதையாம். தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுச் சரளைக்கல் கிறவல் போட்டு, சைக்கிளுக்கும் நடைக்கும் மட்டும் விட்டிருக்கிறார்கள். கார், லொறி ஒன்றும் உள்ளே வரமுடியாது.

எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான். அந்தக் கோடையில் எங்கள் தெருவில் நின்ற காரொன்றின் கதவை யாரோ திடீரென்று திறக்க, என் வீட்டுக்காரர் சைக்கிளோடு போய் விழுந்தார். முழங்கை உரஞ்சியதோடு போயிற்று. ஆனால் அதற்குப் பிறகு அவர் சைக்கிளைத் தொட்டாலே எனக்கு நெஞ்சு பதறும். அவருக்கு நீரிழிவு, அதுதான் சீனி வருத்தம்; உடம்பை ஆட்டி அசைக்கச் சொல்லி டொக்டர் சொல்லியிருக்கிறார். "யாழ்ப்பாணத்து ஆளை நீந்தச் சொன்னால் நடக்குமோ? சைக்கிளை விட்டால் எனக்கு வேறை என்னப்பா தெரியும்?" என்பார். வாகனமே வராத பாதை ஒன்றைக் காட்டு என்று பிள்ளையாரிடம் கேட்டபடி இருந்தேன். டோர்வலில் நான் வேலை செய்யும் விமானச் சாப்பாட்டுச் சமையலறையில் ஒரு பிரெஞ்சுப் பெண் இந்தப் பாதையைச் சொன்னபோது, பிள்ளையார்தான் சொல்லுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

குளிர் தொடங்க முதல் ஒருமுறையாவது போகவேண்டும் என்றார் என் வீட்டுக்காரர். கிடைத்தது அந்தச் சனிக்கிழமைதான். அவருக்கு ஏழரைச் சனி நடக்கிறது. புரட்டாதிச் சனி விரதம் ஒன்றும் விடமாட்டார். காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லை. மத்தியானம் சமைத்து, முதல் பிடிச் சோற்றைக் காகத்துக்கு வைத்து, காகம் வந்து கொத்திய பிறகுதான் கை நனைப்பார். எங்கள் பல்கனிக் கம்பியில் நாலைந்து காகங்கள் பழகிப்போய் வரும். அங்கே என்ன செய்வது என்று கேட்டேன்.

"காடும் மலையுமான இடத்திலை காகம் இல்லாமலே போகும்? நீர் சோத்தைக் கட்டும்" என்றார்.

விடியவே எழும்பி கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும் வைத்து, வாழையிலைத் துண்டும் எடுத்துக்கொண்டேன். அவர் வெறும் தேத்தண்ணியோடு இரத்தத்தில் சீனியைக் குறைக்கிற வழமையான குளிசையையும் போட்டுவிட்டார். பட்டினி கிடக்கிற நாளில் அந்தக் குளிசை போடலாமா என்று ஒருவரிடமும் கேட்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

பாதை அழகுதான். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் சிவந்துபோன மரங்கள். டயருக்குக் கீழே கிறவல் நெறுநெறுக்கிற சத்தம் மட்டும்தான். ஆனால் அவர் விழுந்துவிடுவாரோ என்ற பதற்றத்தில் என்னால் ஒரு இடத்தில் கண்ணை வைக்க முடியவில்லை. தூறல் என்றபடியால் ஆட்களும் குறைவு. மத்தியானமானதும் பாதையோர மர வாங்கு ஒன்றில் உட்கார்ந்து, இலையில் சோறு வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டோம். காகம் வரவில்லை. ஒரு கறுப்பு அணில்தான் வந்து சோற்றை அள்ளிக்கொண்டு ஓடியது.

"அதுவும் கறுப்புத்தானே, காணும். சாப்பிடுங்கோ" என்றேன்.

"அணில் எந்தக் காலத்திலையப்பா சனீஸ்வரன்ரை வாகனம்?" என்று சிரித்துவிட்டு, அடுத்த இடத்தில் பார்ப்போம் என்று சைக்கிளில் ஏறினார்.

அடுத்த இடத்திலும் இல்லை. அதற்கடுத்த இடத்திலும் இல்லை. காகம் மனிதரை அண்டி வாழும் பறவை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. திரும்புவோம் என்று சொல்லச் சொல்ல அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். பிறகு சைக்கிள் நெளியத் தொடங்கியது. இறங்கிப் புல்லில் இருந்தார். அந்தக் குளிரிலும் முகமெல்லாம் வியர்வை, கை நடுங்கியது. "என்னப்பா செய்யுது?" என்று கேட்டால், "பஸ் போட்டுதோ?" என்று சம்பந்தமே இல்லாமல் கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

சீனி இறங்கிவிட்டது என்று விளங்கியது. பெட்டியைத் திறந்து சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தேன். "காகம்... காகம்..." என்று கையைத் தட்டிவிட்டார். சோறு கிறவலில் சிதறியது. போனை எடுத்தால் சிக்னல் இல்லை. வாகனமே வராத பாதை கேட்டு வாங்கியவள் நான். இப்போது அம்புலன்ஸ் ஒன்று வருவதென்றாலும் எப்படி வரும்? முன்னால் கொஞ்சத் தூரம் ஓடுவேன், அவரைத் தனியே விட்ட பயத்தில் திரும்பி ஓடிவருவேன். "சனீஸ்வரா, விரதம் பிழைத்தால் தண்டனையை எனக்குத் தா" என்று வாய்விட்டு அழுதேன்.

அப்போதுதான் சைக்கிள் மணி கேட்டது. வளைவில் ஒரு வயதான வெள்ளைக்காரர் வந்தார். என்னைக் கண்டதும் இறங்கி, ஒரு காலை இழுத்து இழுத்து ஓடிவந்தார். இவருடைய முகத்தைப் பார்த்தவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான், சீனி வருத்தமா என்று. "வீ, வீ" என்று பிரெஞ்சில் ஆமோதித்தேன். முதுகுப்புறப் பையிலிருந்து மேப்பிள் மரத்துச் சீனிப்பாகு அடைத்த சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கிழித்து, இவரை நிமிர்த்திப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் பிழிந்துவிட்டார். இனிப்பு என்றபடியாலோ என்னவோ, இவரும் குடித்துவிட்டார். இன்னொரு பொட்டலமும் கொடுத்தார். தன் மேற்சட்டையைக் கழற்றி இவரைப் போர்த்தினார்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. இவர் என்னைப் பார்த்து, "ஏனப்பா அழுறீர்?" என்றார். எனக்கு அழுகை இன்னும் கூடியது.

இனி ஏதாவது சாப்பிட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் இறங்கும் என்று அந்த மனிதர் சொன்னார். பெட்டி நிறையச் சோறு இருக்கிறது. ஆனால் இவர் தலையைக் குனிந்துகொண்டு, "இவ்வளவு நேரம் இருந்திட்டன். இன்னும் கொஞ்சம் பாப்பம்" என்கிறார்! அடிக்கவேண்டும் போல இருந்தது.

ஏன் சாப்பிடவில்லை என்று அவர் கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில், கையையும் சேர்த்து ஆட்டிச் சொன்னேன். இன்றைக்கு விரதம், முதலில் கறுப்புப் பறவை சாப்பிடவேண்டும், பிறகுதான் நாங்கள் என்று. சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் மரங்களை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு இவர் பக்கத்தில் காலை நீட்டி இருந்துகொண்டு, "எனக்கும் இன்னும் சாப்பாடு இல்லை. அந்தப் பறவைக்குப் பதிலாக நான் சாப்பிட்டால் சரிவராதா?" என்று கேட்டார்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் சோற்றுப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார். மிச்சமிருந்த இலைத் துண்டில் முதல் பிடிச் சோற்றை வைத்துக் குழம்பும் விட்டு, இரண்டு கையாலும் அந்த மனிதரிடம் கொடுத்தேன். அவர் எங்களைப் போலவே கையால் அள்ளி வாயில் வைத்தார். உறைப்பில் கண்ணால் தண்ணீர் ஓடியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

இவர் பெட்டிக்குள் கையை விட்டார்.

ரோடு குறுக்கிடும் இடம்வரைக்கும் அவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்களோடு நடந்துவந்தார். அங்கே சிக்னல் கிடைத்து, வந்து ஏற்றும்படி தெரிந்தவர் ஒருவருக்கு நான் போன் எடுத்தபிறகுதான், மேற்சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். பெயர் கேட்கவும் மறந்துபோனேன். அவர் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்த இவர், "தலையிலையிருந்து கால்வரைக்கும் கறுப்பு உடுப்பு. காலும் நொண்டல். வந்தது ஆரெண்டு இன்னும் உமக்கு விளங்கேல்லையோ?" என்றார். சனீஸ்வரனுக்கும் ஒரு கால் நொண்டல்தான். பகிடியாகத்தான் சொன்னார், ஆனால் சொல்லிவிட்டு அந்த வளைவைப் பார்த்துக் கை கூப்பினார்.

டொக்டரிடம் நல்ல ஏச்சு வாங்கினோம். இப்போது விரத நாளில் என்ன செய்வதென்றாலும் அவரைக் கேட்டுத்தான். பாதைக்கு இப்போதும் போகிறோம், பைநிறைய இனிப்போடு. வாகனம் வராத பாதையா என்று நான் கேட்பதில்லை, ஆட்கள் போகிற பாதையா என்றுதான் கேட்கிறேன். என் மனம் இன்னும் ஒரு இடத்தில் நிற்பதில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் பல்கனியில் முதல் பிடிச் சோற்றை வைத்துக் கூப்பிடும்போது, காகம் வர முன்னமே, உறைப்பில் கண்கலங்கி மூக்கை உறிஞ்சிய அந்த முகம் வந்துவிடுகிறது, அந்த ஒரு நிமிடம் மட்டும் என் பதற்றம் அடங்கிவிடுகிறது.